ஸ்லீப்பில் போட்ட டெஸ்க்டாப் ஏன் சுடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. வெயில் காலம் தொடங்கினால் ஒரே சந்தேகம் பலரிடமிருந்து வரும்: "ஸ்லீப்பில்தான் போட்டேன், காலையில் தொட்டால் சுடுகிறது." போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் விண்டோஸ் 10, 11 ஓடும் டெஸ்க்டாப்புக்கு உரியவை. லினக்ஸுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

"ஸ்லீப்ல இருந்தாலும் சிபியு கொஞ்சம் சூடாத்தானே சார் இருக்கும்? இது சகஜம்தானே?"

பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி) இருக்கும் இடம் லேசாக வெதுவெதுப்பாக இருந்தால் சகஜம். கேபினட் (பலரும் சிபியு என்று சொல்லும் பெட்டி) முழுக்கச் சுட்டால் சகஜம் இல்லை.

காரணம் இதுதான். டெஸ்க்டாப்பில் ஸ்லீப் என்றால் பொதுவாக எஸ்3 என்ற நிலை. அதில் எஸ்எம்பிஎஸ் தன் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களை நிறுத்திவிடும். பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எதற்கும் கரண்ட் போகாது. ஸ்டாண்ட்பை என்ற தனி 5 வோல்ட் லைன் மட்டும் உயிரோடு இருந்து, ராமில் (திறந்து வைத்த வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) உள்ளதைக் காப்பாற்றும். இந்த லைன் பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்களில் 2 அல்லது 3 ஆம்பியர்தான் தரும். அதாவது முழுதாக உறிஞ்சினாலும் 10 முதல் 15 வாட். நடைமுறையில் செலவாவது சில வாட்தான். ஒரு நைட் லேம்ப் அளவு கரண்டை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய இரும்புப் பெட்டியைச் சூடாக்க முடியாது.

ஆகவே, உண்மையில் தூங்கும் டெஸ்க்டாப் சுடாது. சுடுகிறது என்றால் அது தூங்கவில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாம் "ஏன் தூங்கவில்லை" என்பதைத் தேடுவதுதான்.

"தூங்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்க்ரீன் கருப்பாத்தானே இருக்கு?"

கருப்பு ஸ்க்ரீன் சொல்வது மானிட்டர் அணைந்திருக்கிறது என்பதை மட்டும்தான். கேபினட்டைப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் (எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் முதன்மைப் பலகை) ஸ்லீப்பில் பவர் விளக்கு விட்டு விட்டு எரியும். விழித்திருந்தால் நிலையாக எரியும். ஃபேன் ஓடினால் நிச்சயம் தூங்கவில்லை. ஆனால் ஃபேன் நின்றிருப்பதை மட்டும் வைத்துத் தூங்குகிறது என்று முடிவு கட்டாதீர்கள். இப்போதைய கிராஃபிக்ஸ் கார்டுகளும் சில எஸ்எம்பிஎஸ்களும் வேலை குறைவாக இருந்தால் விழித்திருக்கும்போதே ஃபேனை நிறுத்திவிடும்.

சரியான சாட்சி கரண்ட் அளவுதான். உங்கள் யுபிஎஸ்ஸில் லோடு காட்டும் திரை இருந்தால் அதைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் வீட்டு ஈபி மீட்டர் போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஃப்ரிட்ஜ், ரவுட்டர் உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடம் அணைத்துவிட்டு கணினியை மட்டும் ஸ்லீப்பில் விடுங்கள். 3200 என்று அச்சிட்டிருந்தால், 60 வாட் இழுக்கும் கணினிக்கு ஏறக்குறைய 19 நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். உண்மையில் தூங்கினால் பல நிமிடம் சிமிட்டலே வராது.

"ராத்திரி நானேதான் ஸ்லீப் அழுத்தினேன். ஃபேன் நின்னதை என் கண்ணால பார்த்தேன். காலைல எப்படி சுடும்?"

என்னிடம் வருவதில் மிக அதிகம் இந்த ரகம்தான். நீங்கள் தூங்கப் போன பிறகு அது எழுந்துகொண்டது.

நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். கணினி தானாகத் தூங்கும் நேரத்தை "நெவர்" என்று வைத்திருப்பீர்கள். டவுன்லோட் பாதியில் நிற்கக் கூடாது என்று எப்போதோ மாற்றியிருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். மானிட்டர் மட்டும் 10 நிமிடத்தில் அணையும்படி இருக்கும். இரவில் மேசை ஆடியோ, மவுஸ் மீது ஏதாவது உரசியோ கணினி விழித்துக்கொள்கிறது. மவுஸ் அசைந்ததால் ஆள் வந்துவிட்டார் என்று நினைத்து வழக்கமான விதியைப் பின்பற்றும். பத்து நிமிடத்தில் ஸ்க்ரீன் அணையும். தூங்கும் நேரம்தான் "நெவர்" ஆயிற்றே, அதனால் விடியும்வரை அப்படியே ஓடும். காலையில் நீங்கள் பார்ப்பது கருப்பு ஸ்க்ரீனும் சூடான கேபினட்டும்.

இதில் முதலில் செய்ய வேண்டியது அந்த "நெவர்" என்பதை 30 நிமிடமாக மாற்றுவது. அப்புறம் எது எழுப்பியது என்று நிதானமாகத் தேடலாம். 60 வாட் கணினி இரவு 8 மணி நேரம் சும்மா ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் கால் பங்குக்கு மேல் இதிலேயே போய்விடும்.

"எது எழுப்புச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லுமா?"

சொல்லும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து, டெர்மினல் அல்லது கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மின் உரிமையோடு திறங்கள். பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளை இருக்கிறது. பவர் என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகள். அதன் பிறகு ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு ஒன்று போட்டு, லாஸ்ட்வேக் என்று இடைவெளி இல்லாமல் எழுதி என்டர் தட்டுங்கள். கடைசியாக எழுப்பியது மவுஸா, நெட்வொர்க் கார்டா, பவர் பட்டனா என்று வரும். லாஸ்ட்வேக் இருந்த இடத்தில் வேக்டைமர்ஸ் என்று போட்டால், அடுத்து எழுப்பக் காத்திருக்கும் அலாரங்கள் தெரியும்.

முந்தின இரவுகளின் கதை வேண்டுமென்றால் விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறங்கள். கெர்னல் பவர் என்ற பெயரோடு 42 என்ற எண் இருந்தால் அது தூங்கப் போன நேரம். பவர் ட்ரபிள்ஷூட்டர் என்ற பெயரோடு 1 என்ற எண் இருந்தால், அதைத் திறந்தால் தூங்கிய நேரம், எழுந்த நேரம், எழுப்பியது எது என்ற மூன்றும் இருக்கும். ஒரு வாரப் பதிவைப் பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

"மவுஸ்தான்னு வருது அண்ணே. தினமும் கழட்டி வெச்சுடட்டுமா?"

வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலுக்குப் போங்கள். இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம் என்ற பொருளில் ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்கு டிக் இருக்கட்டும், காலையில் ஒரு பட்டனைத் தட்டினால் எழுந்துவிடும். வயர்லெஸ் மவுஸும் கீபோர்டும் ஒரே ரிசீவரில் ஓடினால் டிவைஸ் மேனேஜரில் மவுஸ் என்று ஒன்றுக்கு மேல் இருக்கலாம், எல்லாவற்றிலும் பாருங்கள்.

நெட்வொர்க் கார்டு என்று வந்திருந்தாலும் இதே தாவல்தான். வெளியூரிலிருந்து உங்கள் கணினியை எழுப்பிப் பயன்படுத்தும் வழக்கம் இல்லையென்றால் டிக்கை எடுத்துவிடலாம். வழக்கம் உண்டென்றால், மேஜிக் பேக்கெட் (எழுப்புவதற்கென்றே அனுப்பும் செய்தி) வந்தால் மட்டும் எழுப்பு என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். ரவுட்டர் அனுப்பும் சாதாரணச் செய்திகளுக்கெல்லாம் எழுந்துகொள்வது அதோடு நிற்கும்.

"ராத்திரி 2 மணிக்கு டான்னு எழுந்துக்குது. வைரஸா இருக்குமோ?"

விண்டோஸ் 10-இல் தானியங்கிப் பராமரிப்புக்கு ஆரம்பத்திலேயே வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. பயப்பட வேண்டாம். இப்படி அலாரம் வைத்து எழுந்தால், ஆள் யாரும் இல்லை என்று விண்டோஸுக்குத் தெரியும். வேலை முடிந்த சில நிமிடங்களில் மறுபடி தூங்க வேண்டும். அப்டேட் இறங்கிக்கொண்டே இருந்தாலோ, வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருந்தாலோதான் தூங்காமல் கிடக்கும்.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்லீப் என்பதன் கீழ் வேக் டைமர்ஸ் என்பதை நிறுத்திவிடுங்கள். பிடித்து வைத்திருப்பது யார் என்று பார்க்க, முன்பு சொன்ன அதே கட்டளையில் ரிக்வெஸ்ட்ஸ் என்று போடுங்கள். பிரவுசரில் ஓடும் பாட்டு, நெட்வொர்க்கில் யாரோ திறந்து வைத்த ஃபைல் எல்லாம் அதில் வரும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: இவை தானாகத் தூங்குவதைத்தான் தடுக்கும், நீங்களே ஸ்லீப் அழுத்தினால் தடுக்காது.

"ஸ்லீப் போட்டா ஸ்க்ரீன் மட்டும் போகுது, ஃபேன் நிக்கவே மாட்டேங்குது. பழைய சிஸ்டம்தான்."

பழைய மதர்போர்டு என்றால் எஸ்1 என்ற நிலையைச் சந்தேகப்படுங்கள். அதில் பிராசஸர் வேலையை நிறுத்தும், ஆனால் கரண்ட் துண்டிக்கப்படாது. ஃபேன் ஓடும், சூடும் இருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) பவர் பகுதிக்குள் ஏசிபிஐ சஸ்பென்ட் என்ற வரியில் எஸ்1, எஸ்3 என்று தேர்வு இருக்கும். எஸ்3-க்கு மாற்றிச் சேமியுங்கள். பவர்சிஎஃப்ஜி கட்டளையில் சாய்கோட்டுக்குப் பின் ஏ என்ற ஒரே எழுத்தைப் போட்டால், உங்கள் கணினிக்கு எந்தெந்த நிலை கிடைக்கிறது என்ற பட்டியல் வரும். மாறிவிட்டதா என்று அதில் உறுதி செய்துகொள்ளலாம்.

"முன்பு நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று இப்படி" என்பவர்கள் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்தால் பயாஸ் தன் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தேதியும் நேரமும் தவறாக வந்தால் பேட்டரிதான் என்று ஏறக்குறைய உறுதி.

"புது சிஸ்டம் சார். நீங்க சொன்ன பட்டியல்ல எஸ்3-யே இல்லைன்னு வருது!"

பட்டியலில் எஸ்0 லோ பவர் ஐடில் என்று இருக்கும். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று மைக்ரோசாஃப்ட் அழைப்பது இதைத்தான். போன் போல, தூங்கும்போதும் அவ்வப்போது விழித்து நெட்டைப் பார்த்துக்கொள்ளும் முறை. சரியாக வேலை செய்தால் இதிலும் கேபினட் சுடக் கூடாது. ஆனால் எஸ்3 போல இங்கே கரண்ட் துண்டிக்கப்படுவதில்லை. ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) தன் சாதனத்தை ஓய்வெடுக்க விடாவிட்டால்கூட முழு சிஸ்டமும் ஆழ்ந்து தூங்காது. முதல் பதிலில் சொன்ன 15 வாட் கணக்கு இந்தக் கணினிகளுக்குப் பொருந்தாது.

அதே கட்டளையில் ஸ்லீப்ஸ்டடி என்று போட்டால், எந்தச் சாதனம் எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்று ஓர் அறிக்கை உருவாகும். அதில் முதலிடத்தில் வரும் சாதனத்தின் டிரைவரையும், மதர்போர்டின் பயாஸையும் புதுப்பியுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றி எஸ்3-ஐ வரவழைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பயாஸில் எஸ்3 ஆதரவு இல்லாவிட்டால் ஸ்லீப் என்ற தேர்வே காணாமல் போகும். அதனால் நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. இவர்களுக்கு நான் சொல்வது ஹைபர்னேட், அது கடைசிக் கேள்வியில் வருகிறது.

"ஃபேன் எல்லாம் முழு வேகத்துல சத்தம் போடுது, எந்தப் பட்டனைத் தட்டினாலும் ஸ்க்ரீன் வரலை."

இது விழிப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது. பவர் பட்டனை 4 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அணையும். சேமிக்காத வேலை போய்விடும், வேறு வழியில்லை. திரும்ப ஆன் செய்த பிறகு ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கும். ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று அதற்குப் பொருள், அது காரணத்தைச் சொல்வதில்லை.

காரணம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர், பழைய பயாஸ், அல்லது அளவுக்கு மேல் வேகம் ஏற்றிய ராம். ராமுக்கு எக்ஸ்எம்பி (ராமின் வேகத்தை ஏற்றும் பயாஸ் அமைப்பு) போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். செலவில்லாத சோதனை என்பதால் நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

"ஃபேன் ஓடலை, ஆனா சூடு அதிகமா இருக்கு. தீப்பிடிச்சிடுமா? குழந்தைங்க இருக்கிற ரூம்."

பிராசஸர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். இன்டெல் சில்லுகள் பல ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் வேகத்தைக் குறைக்கும், அதையும் தாண்டி ஏறினால் மொத்தமாக அணைந்துவிடும். ஏஎம்டியிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே பிராசஸரை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

நான் கவலைப்படுவது எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றியும், கேபினட் இருக்கும் இடத்தைப் பற்றியும்தான். கதவு மூடிய மர அலமாரிக்குள் வைப்பது, தூசி படக் கூடாது என்று மேலே துணி போர்த்துவது, இரண்டும் கூடாது. மே மாதத்தில் அறையே 38 டிகிரி இருக்கும்போது மூடிய அலமாரிக்குள் இருக்கும் சூடு வெளியே போக வழியே இல்லை. கருகல் வாடை வந்தாலோ, எஸ்எம்பிஎஸ் பகுதியில் கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ, சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாக மாற்றுவதுதான் சரி.

"கடைல காட்டினேன், தெர்மல் பேஸ்ட் மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?"

விழித்திருந்து வேலை செய்யும்போதும் அதிகமாகச் சுடுகிறதா? அப்படியென்றால் மாற்றுங்கள், தூசியையும் எடுங்கள். பகலில் சரியாக இருந்து ஸ்லீப்பில் மட்டும் சுடுகிறது என்றால் பேஸ்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேஸ்ட் சூட்டை பிராசஸரிலிருந்து ஹீட் சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) கடத்துகிறது, அவ்வளவுதான். இரவெல்லாம் ஓடும் கணினி புதுப் பேஸ்ட்டோடும் இரவெல்லாம் ஓடும்.

என்னிடம் வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அதற்கு முன் இரண்டு முறை பேஸ்ட், ஒரு முறை ஃபேன் என்று மாற்றியிருந்தார். அவருடைய கணினியை எழுப்பிக்கொண்டிருந்தது நெட்வொர்க் கார்டு. ஒரு டிக்கை எடுத்ததும் சரியானது. அவர் செலவழித்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத அதுவும் ஒரு காரணம்.

"கேம் ஆடி முடிச்சதும் ஸ்லீப் போட்டேன். கால் மணி நேரம் கழிச்சும் சூடா இருந்துச்சு. அப்போ இதுவும் தூங்கலையா?"

இது வேறு. தூங்கிவிட்டது, ஆனால் ஹீட் சிங்கில் ஏற்கெனவே சேர்ந்த சூடு இருக்கிறது. ஃபேனும் நின்றுவிட்டதால் அது மெதுவாக வெளியேறுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதைப் போல. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், ஆறியிருந்தால் கவலை இல்லை. விருப்பமிருந்தால் கேமை மூடி ஐந்து நிமிடம் கழித்து ஸ்லீப் போடலாம்.

"டெம்பரேச்சர் சாஃப்ட்வேர் போட்டு ராத்திரி முழுக்க லாக் எடுத்தேன். ஸ்லீப்ல 55 டிகிரி காட்டுது. இது அதிகமா?"

உங்கள் லாக்கிலேயே விடை இருக்கிறது. எஸ்3-இல் பிராசஸர் ஓடாது, எனவே எந்த சாஃப்ட்வேரும் அளந்து எழுத முடியாது. இரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் வரிசையாக அளவு பதிவாகியிருந்தால், அந்த நேரத்தில் கணினி விழித்திருந்தது. தூங்கியிருந்தால் லாக்கில் இடைவெளிதான் விழுந்திருக்கும். பதிவு எத்தனை மணிக்குத் திரும்பத் தொடங்குகிறது என்று பாருங்கள், அதுதான் எழுந்த நேரம். அதை ஈவென்ட் வியூவரோடு ஒப்பிட்டால் காரணம் கிடைத்துவிடும்.

"கரண்ட் அடிக்கடி போகுது. ஸ்லீப்ல இருக்கும்போது போனா என்ன ஆகும்?"

எஸ்3-இல் ராமுக்குக் கரண்ட் போக வேண்டும். அது நின்றால் திறந்து வைத்ததெல்லாம் போய்விடும். டெஸ்க்டாப்பில் ஹைப்ரிட் ஸ்லீப் என்ற வசதி இருந்தால் ஆன் செய்து வையுங்கள். ராமில் உள்ளதை டிஸ்கிலும் ஒரு நகல் எழுதிவிட்டுத் தூங்கும். அப்படி எழுதும் சில நொடிகள் ஃபேன் ஓடும், அதைப் பார்த்து ஸ்லீப் வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம்.

யுபிஎஸ் இருக்கிறதே என்று முழுதாக நம்பாதீர்கள். சில யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது லோடு மிகக் குறைவாக இருந்தால், எதுவும் மாட்டவில்லை என்று கருதித் தானே அணைந்துவிடும்.

"நான் லினக்ஸ் யூஸர். பவர்சிஎஃப்ஜி எல்லாம் இல்லையே!"

கணக்கு ஒன்றுதான், பார்க்கும் இடம் வேறு. ஸிஸ் அடைவுக்குள் பவர், அதற்குள் மெம் ஸ்லீப் என்ற கோப்பைத் திறங்கள். இரண்டு சொற்களையும் அடிக்கோடு இணைத்திருக்கும். எஸ்2ஐடில், டீப் என்ற சொற்களில் எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுதான் நடப்பில் உள்ளது. டீப் என்பது எஸ்3, எஸ்2ஐடில் என்பது கரண்டைத் துண்டிக்காத லேசான தூக்கம். எஸ்2ஐடில் அடைப்புக்குள் இருந்து, டீப் பக்கத்தில் இருந்தால், அதற்கு மாற்றிப் பாருங்கள். டீப் என்ற சொல்லே இல்லையென்றால் உங்கள் பயாஸ் அதைத் தரவில்லை.

"எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன், சரிவரலை. ஹைபர்னேட் போட்டா எஸ்எஸ்டி சீக்கிரம் போயிடும்ங்கறாங்களே?"

ஹைபர்னேட்டில் ராமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு கணினி அணைந்துவிடும். சுடுவதற்கு வழியில்லை, கரண்ட் போனாலும் வேலை பத்திரம். எழுந்திருக்கச் சற்று நேரம் கூடுதலாக எடுக்கும்.

எஸ்எஸ்டி பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹைபர்னேட் கோப்பின் வழக்கமான அளவு ராமில் 40 சதவீதம். 16 ஜிபி ராமுக்குச் சுமார் 6.4 ஜிபி. தினமும் ஒருமுறை முழுக்க எழுதினாலும் ஆண்டுக்கு இரண்டரை டெராபைட்டுக்குள்தான். 300 டெராபைட் எழுதத் தாங்கும் என்று உத்தரவாதம் தரும் 500 ஜிபி எஸ்எஸ்டிகள் இருக்கின்றன. உங்கள் எஸ்எஸ்டியின் அளவு அதன் விவரத் தாளில் டிபிடபிள்யூ என்ற பெயரில் இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பவர் மெனுவில் ஹைபர்னேட் தெரியவில்லையென்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அதை டிக் செய்யுங்கள். கேபினட்டின் பவர் பட்டனுக்கே ஹைபர்னேட்டைக் கொடுக்கும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினிகளில் நான் அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறேன்.